தொப்பியிலிருந்து வந்த வாத்து

இலையுதிர்காலத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்க்கிற இதமான படத்தை அவரவர் ரசனைதான் தேர்ந்தெடுக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பெரும் பிழை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில், குறைந்தபட்சம் எங்கள் தெருவில், அதைத் தேர்ந்தெடுப்பது ஒரு கம்பளித் தொப்பி.

அக்டோபர் முதல் ஞாயிறு மதியம் தெருக்கோடி டோரின் வீட்டு விறகு அடுப்பைச் சுற்றி ஐந்து பேர் கூடுவோம். ஆளுக்கொரு சீட்டில் ஒரு படத்தின் பெயரை எழுதி, மடித்துத் தொப்பியில் போட வேண்டும். எங்களில் மூத்தவரான எவரெட் ஒன்றை எடுப்பார். வந்த படத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது விதி: முன்கூட்டி யாரும் யாரோடும் கலந்து பேசக் கூடாது.

விதிகளை எழுதியவன் நான். முப்பது வருடம் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் வேறு எதை எழுதுவான்?

நான்கு வருடம் தொடர்ந்து ஒரே படம் வந்தது. வழிதவறிய வாத்து ஒன்று ஒரு பேக்கரிக்குள் நுழைகிறது. ஒன்றரை மணி நேரத்தில் பேக்கரிக்காரிக்குக் கல்யாணம். எவரெட்டின் மனைவி ரூத்துக்கு உயிரான படம். ரூத் இறந்த வருடம்தான் அது முதலில் வந்தது.

"எல்லாம் ரூத் வேலை" என்பார் எவரெட், ஒவ்வொரு முறையும். "என் கையைப் பிடிச்சு என் சீட்டு மேலயே கொண்டுபோய் விடறா."

ரூத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கணக்கின் மேலும் உண்டு. ஐந்து சீட்டில் ஒன்று நான்கு முறை தொடர்ந்து வருவதற்கு அறுநூற்றிருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு. எவரெட் தன் சீட்டின் முனையை மடித்து அடையாளம் வைக்கிறார் என்று முடிவுகட்டினேன். மூடுபனியில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றிய என் நார்வே படம் நான்கு வருடமாகக் காத்துக்கிடந்தது.

ஐந்தாம் வருடம் எவரெட் கையை நீட்டியபோது தடுத்தேன்.

"இந்தத் தடவை நான் எடுக்கறேன்."

"ஏன், அவர் கைக்கு என்ன?" என்றார் பக்கத்து வீட்டு கஸ்.

"எப்பவும் ஒருத்தர் கையே போறது முறையில்ல."

"வந்துட்டாருய்யா தேர்தல் அதிகாரி" என்றாள் கஸ்ஸின் மனைவி ஃபிலிஸ்.

எவரெட் சிரித்தார். "எடுக்கட்டும். ரூத்துக்கு வாத்தியார் கையும் தெரிஞ்ச கைதான்."

எடுத்தேன். பிரித்தேன். வாத்து.

"பாத்தீங்களா!" எவரெட் தொடையில் தட்டினார். கண் நனைந்துவிட்டது. "வாத்தியாரைக்கூட விடல அவ!"

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். டோரின் டோனட் தட்டை நீட்டினாள்; ஒன்றை எடுத்துக் கடித்திருக்கலாம். ஆனால் என் கையில் இருந்தது எவரெட்டின் கையெழுத்து இல்லை; ஃபிலிஸுடையது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண் அதைப் பார்த்துவிட்டது.

"டோரின், அந்தத் தொப்பியைக் கொடு."

"ஆப்பிள் சைடர் ஆறுது. உக்காரு பேசாம."

"கொடுன்னா."

"வாத்தியாரே, வேணாம்" என்றார் கஸ். அவர் குரலில் கிண்டல் இல்லை. கவனித்தேன். பொருட்படுத்தவில்லை.

தொப்பியை மேஜையில் கவிழ்த்தேன். மிச்சம் நான்கு சீட்டு. டோரினின் சாய்ந்த எழுத்தில் வாத்து. கஸ்ஸின் கொட்டை எழுத்தில் வாத்து. எவரெட்டின் நடுங்கும் எழுத்தில் வாத்து. நான்காவது, என் கலங்கரை விளக்கம்.

எவரெட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"எல்லாரும் இதையேதான் எழுதறீங்களா?"

டோரின் அடுப்பில் ஒரு விறகைச் செருகினாள்.

"எல்லா வருஷமும்?"

"எங்களுக்கும் அந்தப் படம் பிடிக்கும் எவரெட்" என்றாள் ஃபிலிஸ். கஸ் வேகமாகத் தலையாட்டினார். ஒவ்வொரு வருடமும் வாத்து பேக்கரிக்குள் வரும் முன்பே குறட்டை விட்டவர்.

"சரிதான்" என்றார் எவரெட். "அப்போ அது ரூத் இல்ல."

சமையலறையில் டோரினைப் பிடித்தேன். "எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"முதல் வருஷம் நாங்க யாரும் அதை எழுதல. அவர் சீட்டு தானாத்தான் வந்துச்சு. அவர் சிரிச்சாரு பாரு, ரூத் போய் ஏழு மாசத்துல அதுதான் முதல் சிரிப்பு. அடுத்த வருஷம் வராம போயிட்டா? அந்தப் பயத்துலதான் நாங்க மூணு பேரும் எழுத ஆரம்பிச்சோம்." குழாயைத் திறந்தாள். "உன்கிட்ட சொன்னா, மூணாவது விதி என்ன சொல்லுதுன்னு ஆரம்பிப்ப."

"ஆரம்பிச்சிருக்க மாட்டேன்."

அவள் தட்டைக் கழுவினாள்.

ஓடாத குறையாகக் கூடத்துக்கு வந்தேன். எவரெட் சீட்டுகளைப் பழையபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"எவரெட், முதல் வருஷம் உங்களைத் தவிர யாரும் எழுதல. அது நிஜமாவே தானா வந்தது."

அவர் என் கையில் மெல்லத் தட்டினார்.

"நல்ல மனசு வாத்தியாரே உங்களுக்கு. இதையும் டோரின்தான் சொல்லச் சொன்னாளா?"

இப்போது தொப்பி கிடையாது. பெயர் வரிசைப்படி ஆளுக்கொரு வருடம். இந்த அக்டோபர் எவரெட்டின் முறை.

"எதுவானாலும் சரி" என்றார்.

கலங்கரை விளக்கப் படத்தைப் பார்த்தோம்.