காற்றுக்குக் காத்திருந்தவன்

“வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“சூயிங்கம் மெல்லுறியா?”

“தாடையே கழண்டு விழப்போகுது, எஸ்பென். நீ போய் ஏதாவது சாப்பிடு.”

“உனக்குக் காத்து பிரியாம எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்காது.”

ரிக்கெ போனை வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் டோர்த்தே போர்வைக்குள் சிரித்தாள். ராண்டர்ஸ் நகரில் பேருந்து ஓட்டுபவள். பித்தப்பையை எடுப்பதற்காக அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தாள்.

“இது எத்தனாவது போன்?”

“ஆறாவது.”

“கொடுத்து வச்சவ நீ. என் வீட்டுக்காரன் முப்பது வருஷத்துல என் காத்தப் பத்தி ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அதுவும் ஜன்னலைத் திறந்துக்கிட்டே.”

ரிக்கெ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது.”

பதினாறு வருட வலி. மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். கருப்பையின் உட்படலம் போன்ற ஒன்று குடலில் வேரோடியிருந்தது பிறகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை பதினோரு சென்டிமீட்டர் குடலை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். இன்று ஞாயிறு. சூயிங்கம் மென்று பார்த்தும் குடல் இன்னும் விழிக்கவில்லை; காற்று பிரியவில்லை. வயிறு உப்பி நின்றது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “நாலு மணிக்குப் பெரிய டாக்டர் கிர்ஸ்டன் வந்துடுவா. அதுக்குள்ள வரலைன்னா ஸ்கேன்.”

“ஸ்கேன்ல?”

“தையல் கசிஞ்சிருந்தா மறுபடி திறக்கணும். கொஞ்ச நாளைக்கு மலம் வெளியேற வயித்துல பை.”

மணி மூன்று பத்து.

“எழுந்திரு,” என்றாள் டோர்த்தே. “நடப்போம். என் வண்டி ஒருநாளும் லேட்டானதில்ல.”

சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள்.

“பாவம் அவன்,” என்றாள் ரிக்கெ. “மூணு நாளா தூங்கவே இல்லையாம்.”

“உன்மேல அவ்வளவு உசிரா?”

“என் வயித்த என்னைவிட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“அடியே!” டோர்த்தே கன்னம் சிவந்தாள். “ஆஸ்பத்திரியில பேசுற பேச்சா இது?”

போன் மறுபடி அடித்தது. ரிக்கெ எடுக்கவில்லை. தாழ்வாரத்தை நான்காவது முறை சுற்றும்போது அப்படியே நின்றாள். கம்பத்தை இறுகப் பற்றினாள்.

“என்ன? வலியா?”

“பேசாத.”

முதலில் சின்னதாக ஒன்று. பிறகு நீளமாக. தாழ்வாரத்தின் மறுகோடியில் காபி ஊற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“வந்துருச்சு!” டோர்த்தே கை தட்டினாள். “எல்லாரும் கேட்டுக்குங்க, வந்துருச்சு!”

மணி மூன்று நாற்பத்திரண்டு. பிறந்தநாள் கேக்கில் குத்தும் காகிதக் கொடி ஒன்றை நர்ஸ் எங்கிருந்தோ கொண்டுவந்து கம்பத்தில் கட்டினாள். ரிக்கெ சிரித்தாள், அழுதாள், தையலைப் பிடித்துக்கொண்டாள். போனை எடுத்தாள்.

“எஸ்பென்! வந்துருச்சு!”

மறுமுனையில் எழுந்த கூச்சல் டோர்த்தேவுக்கும் கேட்டது.

கால் மணி நேரத்தில் அவன் வந்துவிட்டான். தலையில் சைக்கிள் ஹெல்மெட். மழையில் நனைந்த ஜாக்கெட். படியேறி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. ரிக்கெயின் முன்னால் நின்று, கொடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏன்யா மரம் மாதிரி நிக்கிற?” என்றாள் டோர்த்தே. “உன் பொண்டாட்டிக்கு ஒரு முத்தம் குடுய்யா!”

அவன் காதுவரை சிவந்தான்.

“என் பொண்டாட்டி வீட்டுல இருக்கா,” என்றபடி ஜாக்கெட்டிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தான். “பக்கத்துல யாரும் நின்னு சொல்லித்தராம, நான் தனியாத் தச்ச முதல் குடல் இது.”