சிலோன்காரன் சம்பளம்

"ஒரே மோட்டார், ஒரே வேலை. இந்தியாக்காரனுக்கு ஆயிரம் ரியால், எங்களுக்கு எழுநூறா? கரண்ட் நாடு பார்த்தா அடிக்குது ஹாஜியார்?"

ஸமீம் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது.

பதுளை பஜாரில் இத்ரூஸ் ஹாஜியாரின் துணிக்கடை மாடி அது. சவூதிக்கு எலக்ட்ரீஷியன் எடுக்கிறார்கள்; ஹாஜியார்தான் இங்கே ஏஜென்ட். கொழும்பிலிருந்து வந்த கம்பெனி ஆள், காலையில் எனக்கும் ஸமீமுக்கும் எரிந்துபோன மோட்டாரை ஆளுக்கொன்று கொடுத்து, கம்பி சுற்றச் சொன்னார். இரண்டும் ஓடின. இரண்டு பேரும் தேறிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் சம்பளத்தைச் சொன்னார். நாட்டுக்கொரு சம்பளமாம். வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸமீம் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பான்.

ஸமீம் பஜாரில் ரேடியோ திருத்துகிறவன். நான் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரி மோட்டார்களைப் பார்க்கிறவன். எங்கள் சிநேகம் பழையது. அவனுக்கு மூக்கு நுனியில் கோபம்.

அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். கீழே கடையில் என் மனைவி இராக்கம்மா, வாங்காத சேலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறைமாசத்தில் பஸ் ஏறி வந்திருந்தாள். பிள்ளை தோட்டத்து லயத்து ஒற்றை அறையில் பிறந்தாலும் லயத்தில் வளரக்கூடாது என்பது அவள் ஆசை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தந்ததும் அதற்காகத்தான்.

"எனக்கு எழுநூறே போதுங்க மொதலாளி," என்றேன்.

ஸமீம் என் முகத்தில் காறித் துப்பாத குறை. ரோஷங்கெட்டவன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. பாஸ்போட்டைக் கேட்டார்.

ஸமீம் முணுமுணுத்துக்கொண்டே தன்னுடையதை மேசையில் வைத்தான்.

நான் போட்டோவை வைத்தேன். பண்டாரவளை ஸ்டூடியோவில் இரவல் கோட்டுப் போட்டுப் பிடித்தது. பாஸ்போட்டை ஏஜென்டே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது?

"எடுத்துத் தரலாம் பொன்னையா. எந்த நாட்டுப் பாஸ்போட்?"

நான் பிறந்தது அந்தத் தோட்டத்தில். என் அப்பா பிறந்ததும் அங்கேதான். தாத்தாதான் இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம், இல்லை என்றுவிட்டார்கள். இந்தியாவுக்குப் போட்டோம், பதிலே வரவில்லை. இதையெல்லாம் ஹாஜியாரிடம் சொன்னேன். ஸமீமிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. வெட்கம்தான்.

ஹாஜியார் நல்ல மனிதர். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கொறஞ்ச சம்பளம் குடுக்கிறதுக்கும் ஒரு நாடு வேணுமே, தம்பி."

போட்டோவை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

ஸமீம் இப்போதுதான் பெரிதாகக் கத்துவான் என்று பார்த்தேன். அவனோ மேசையில் கிடந்த தன் பாஸ்போட்டை, என் கண்ணில் படாதபடி, உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.