உதடு அசையாமல்

கீழுதட்டைப் பற்களால் கவ்விக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள் சப்ரீன். நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கான ஆன்லைன் தேர்வு. முகம் தெரியாத கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "உதட்டை அசைக்காதீர்கள்" என்று திரையில் இரண்டு முறை எழுதிவிட்டார்; கேள்வியை யாருக்கோ வாசித்துக் காட்டுகிறாளோ என்று சந்தேகம். மூன்றாவது முறை அசைந்தால் தேர்வு ரத்து. மதரசாவில் ஓதிய நாளிலிருந்து வாய்விட்டே படித்துப் பழகியவள். உதடு அசையாமல் அவளுக்கு ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. ஐபி முகவரியின் எண்கள் கண்ணில் நிற்கின்றன, உள்ளே இறங்க மறுக்கின்றன. வியர்வை தாடையில் வந்து தொங்குகிறது. துடைக்கப் பயம். தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் தடதடக்கின்றன. சாத்திய கதவுக்கு வெளியே அம்மா யாரையோ அடக்குகிறாள். "மெல்லப் பேசுட்டி, எம்மவ உள்ள பரீட்சை எழுதுதா. இதுல பாஸானாத்தான் சென்னைல வேலைங்கா." திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும் தன் முகத்தில் சப்ரீன் வாயை மட்டுமே பார்க்கிறாள். அசைகிறதா? அதன் பக்கத்தில் கட்டம் ஒன்று திறக்கிறது. கண்காணிப்பாளர் ஏதோ எழுதியிருக்கிறார். அந்த எழுத்துகளை அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசித்தால் உதடு அசைந்துவிடும்.