நாலு கரண்டி பாகு

கிட்ட வந்து உட்காருங்க, பிள்ளைகளா. நம்ம தென்காசிப் பக்கத்துல ஒரு பல்கலைக்கழகக் கேன்டீன்ல நடந்ததைச் சொல்லுதேன். சின்னக் கதைதான், முடியுமட்டும் எந்திரிக்காதீங்க.

"ஒரே ஒரு கிளாஸ் எலுமிச்சை சர்பத் போட்டுத் தாங்க அண்ணாச்சி. என் பையனுக்கு."

கேன்டீன் நடத்தும் ஞானதுரை சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கரண்டியால் காட்டினார்.

"படிக்கலையாம்மா? இன்னையிலிருந்து இந்த வளாகத்துக்குள்ள கலர் சோடா, சர்பத், ஜூஸ், இனிப்பா எதையும் விக்கக் கூடாது. ஃப்ரிட்ஜையே காலையில தூக்கிட்டுப் போயிட்டாங்க. மோர் இருக்கு, தரட்டா?"

"மோர் அவன் தொடமாட்டான்."

ஆனந்தவள்ளி சாரலில் நனைந்திருந்த தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கையில் ஒரு சின்ன தூக்குச்சட்டி.

"பஸ் ஸ்டாண்டுல கடையா இல்ல?"

"எல்லாத்தையும் குடிச்சுப் பார்த்துட்டேன். வீட்லயும் போட்டுப் பார்த்தேன். உங்க கைப்பக்குவம் வரல."

ஞானதுரையின் முகம் கொஞ்சம் இளகியது.

"எப்படி வரும்? புளியங்குடி எலுமிச்சை, நானே காய்ச்சுன பாகு. யாரு உங்க பையன்?"

"குற்றாலீஸ்வரன். கணக்கு படிச்சான்."

"பேரு சொன்னா எனக்குத் தெரியாது. எத்தனை கரண்டி பாகுன்னு சொல்லுங்க, ஆளைச் சொல்லுதேன்."

"நாலு."

ஞானதுரை சிரித்துவிட்டார். "அந்த நெட்டையனா? எல்லாருக்கும் ரெண்டு கரண்டி, அவனுக்கு மட்டும் நாலு. கடைசியில ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் குடிச்சான். 'ஏலே, வயித்துக்குள்ள குளமா வெட்டி வச்சிருக்கே'ன்னு கேப்பேன். 'தாகம் அடங்க மாட்டேங்குது அண்ணாச்சி'ம்பான். என் சர்பத்து மேல அம்புட்டுப் பிரியம். ஒரு வருசமா ஆளையே காணோமே, படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயிட்டானா?"

"வீட்லதான் இருக்கான்."

"அப்ப ஒரு நாள் வரச் சொல்லுங்க."

"வரமாட்டான். பன்னிரண்டு மணிக்குள்ள இதைக் கொண்டுபோகணும் அண்ணாச்சி. வீட்ல எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிடிச்சாங்கன்னா என் குத்தகை போயிரும்மா. இருபது வருசமா நடத்துதேன். மூணு குடும்பம் இதை வச்சுத்தான் சாப்பிடுது. எவனோ வேலையத்தவன் துணைவேந்தருக்கு மனு மேல மனுவா எழுதி இந்தக் கூத்தைக் கொண்டாந்துட்டான். பிள்ளைகுட்டி உள்ளவன் இப்படிச் செய்வானா?"

ஆனந்தவள்ளி தூக்குச்சட்டியை மேசைமேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ஞானதுரை பெருமூச்சு விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த பாகு பாட்டிலைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். இரண்டு பழத்தைப் பிழிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாகப் பாகை ஊற்றிக் கலக்கினார். அவள் நீட்டிய காசைத் தள்ளிவிட்டார்.

"கடைசி கிளாஸ். பிள்ளை குடிக்கட்டும். ஆனா வெளிய மூச்சு விட்டுராதீங்க. அந்த மனு எழுதுனவன் காதுல விழுந்துச்சு, நான் தெருவுலதான் நிக்கணும்."

தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே ஆனந்தவள்ளி சொன்னாள்:

"எழுதுனது நாந்தான் அண்ணாச்சி. அவனுக்கு இருந்தது உங்க சர்பத்து மேல பிரியம் இல்ல, ரத்தத்துல சர்க்கரை ஏறுன தாகம்னு ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்ச அன்னைக்கே என் பிள்ளை போயிட்டான். இன்னைக்கு வருசம் திரும்புது, அவன் படத்துக்கு முன்னால இதை வச்சுப் படைக்கணும்."

இம்புட்டு நேரம் கேட்டீங்க, உங்க தாகமும் உங்க வீட்டுப் பிள்ளைகளோட தாகமும் வெறும் தண்ணியிலயே அடங்கட்டும். போயிட்டு வாங்க, நல்லா இருப்பீங்க.