ரெண்டு மூடிப் பெட்டி

"டீ வேணாம்."

கலியபெருமாள் தலையைக்கூடத் திருப்பவில்லை. நீட்டிய பேப்பர் கப்போடு அவருடைய சம்பந்தி பச்சமுத்து நின்றுகொண்டிருந்தார். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டு வீட்டுச் சாமான் கடை அது. பில் போடும் பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

பச்சமுத்து கப்பை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மகள் கலைமதி அப்பாவை ஓரமாக இழுத்தாள்.

"இன்னா நைனா இது? வயசுல பெரியவரு கையில டீயோட நிக்கிறாரு. வாங்கினா கொறஞ்சா பூடுவ?"

"எனக்குத் தாகம் இல்ல."

"இன்னும் அந்தக் காப்பியவே நெனச்சினு இருக்கியா?"

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கலைமதிக்கும் பார்த்திபனுக்கும் கல்யாணமான புதிதில் பச்சமுத்து ஒரே ஒரு முறை காலனிக்கு வந்தார். கலியபெருமாளின் மனைவி சாமுண்டீஸ்வரி புது டம்ளர் எடுத்துக் காப்பி கொடுத்தாள். "எனக்குச் சர்க்கரைம்மா" என்று சொல்லி, வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டார். ஏடு படிந்த அந்தக் காப்பியை அவள் கொல்லையில் வாழைக்கு ஊற்றினாள்.

அடுத்த மாதம் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம். அங்கே மைக்செட் போடப் போயிருந்தார் கலியபெருமாள். பந்தியில் பச்சமுத்து இன்னொரு ஜாங்கிரி கேட்டு வாங்கித் தின்றதை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நாலு வருஷம் ஆச்சு நைனா. இப்ப அவரே கூப்ட்டுத்தான் எல்லாரும் டூர் போறோம். மனுஷன் மாறமாட்டானா? நீதான் மாறல."

வெளியே மருமகன் பார்த்திபனின் காருக்குப் பின்னால் புது டிரெய்லர் வண்டி நின்றது. உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் ஐஸ்கிரீம் வண்டியா என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு குடும்பமும் அதில் ஜவ்வாது மலைக்குப் போய் மூன்று நாள் தங்கப்போகிறது. கார் பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன பிரிட்ஜ்தான் பாக்கி.

"இது போதும்ப்பா," என்றான் பார்த்திபன். "சீட்டுக்கு அடியிலேயே பூந்துடும்."

பச்சமுத்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஒரே குழியா இருக்குதே."

"ரெண்டு மூடி வச்சதும் இருக்குது சார்," என்றார் கடைக்காரர். "ஆனா கனம். எடம் அடைக்கும். பேட்டரியும் சீக்கிரம் எறங்கும். உங்களுக்கு இதுவே தாராளம்."

"அத்தக் காட்டுங்க."

வந்தது. பச்சமுத்து இரண்டு மூடியையும் திறந்தார். நடுத் தடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"இது கழண்டு வருமா?"

"வராது சார். ரெண்டும் தனித்தனி."

"அப்ப இதான்."

"வாணாம்ப்பா, கால் நீட்ட எடம் இருக்காது."

"மடக்கினு படுடா. சம்பந்தி வீட்லயும் கொழம்பு கிழம்பு செஞ்சி எடுத்தாருவாங்க. அவங்க சாமானுக்கும் எடம் வேணாமா? கூட ஆவுறத நான் குடுக்கிறேன்."

கலியபெருமாள் திரும்பினார்.

தன் வீட்டுக் குழம்பு. அதற்கு இடம் வேண்டுமென்று இந்த மனுஷன், பெற்ற பிள்ளையிடம் வாதாடுகிறார்.

கலைமதி அப்பாவைப் பார்த்தாள். பாத்தியா என்று கேட்கிற பார்வை.

கலியபெருமாளுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு டம்ளர் காப்பியைப் போய் இத்தனை நாள் நெஞ்சில் சுமந்தோமே என்றிருந்தது. மேஜை ஓரத்தில் இருந்த கப்பை எடுத்தார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது. ஏட்டோடு குடித்தார்.

"வுடுங்க சம்பந்தி, கனம் நம்ம பக்கம் இருக்கட்டும்," என்று பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்தார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குள் இறக்கினார்கள். பார்த்திபன் ஒயரை மாட்ட உட்கார்ந்தான்.

புதுப் பொருளாயிற்றே. பச்சமுத்து கடைச் சாமி படத்தடியில் இருந்து குங்குமம் வாங்கி வந்தார். வலது பக்க மூடியில் பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். மிச்சத்தைப் பொட்டலமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த மூடிக்கும் வைங்க சம்பந்தி," என்றார் கலியபெருமாள் சிரித்துக்கொண்டே.

"அது உங்களுதாச்சே. உங்க வீட்டம்மா வந்து வச்சிக்கட்டும்."

பச்சமுத்துவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொட்டு வச்ச பக்கத்த மட்டும் தொறக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லி வைங்க. எங்க வீட்டம்மா ஆண்டாள் ஒரு மாதிரி. உங்க சாமான் பட்டுச்சின்னா மூணு நாளும் பட்டினி கெடப்பா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது."

பார்த்திபன் காதில் விழாதவன் மாதிரி ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியபெருமாள் வண்டியை விட்டு இறங்கினார். கலைமதி போனோடு ஓடி வந்தாள்.

"நைனா, அம்மா லைன்ல இருக்குது. கோழிக் கொழம்பா, கருவாடான்னு கேக்குது."

வாயில் டீயின் தித்திப்பு இன்னும் போகவில்லை.

"எதுவும் வேணாம்னு சொல்லு. நாங்க வரல."

"ஏன் நைனா, இப்பதான நல்லா பேசினு இருந்த? அவருக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"எனக்குச் சர்க்கரைன்னு சொல்லு."