கறுப்புத் தட்டில் முதல் பீச்சு

கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழும் காலை வெளிச்சம் செவலைப் பசுவின் முதுகில் ஒரு வட்டமாகக் கிடக்கிறது. இப்போது மாடுகளுக்கும் பரவும் பறவைக் காய்ச்சல் தொற்றி மடி கல்லாய் இறுகியதிலிருந்து அது தனிக் கொட்டிலில்தான் நிற்கிறது. பால்காரம்மாவின் புருஷன், போன வருடம் போய்ச் சேர்ந்தவர், ஈனும்போது தன் கையால் இழுத்தெடுத்த கன்று; அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். முகக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு பால்காரம்மா குந்தியதும் பசு மிரண்டு காலை உதறுகிறது. “நான்தான்டி. வேஷத்தைப் பாத்து ஆளை மறந்துட்டியா?” குரல் கேட்டதும் காது திரும்புகிறது, கால் அடங்குகிறது. “மாமியார் வந்துட்டாங்கன்னு நெனச்சிருக்கும்” என்று வாசலில் நிற்கும் மாட்டு டாக்டரம்மா சிரிக்கிறார். காம்பிலிருந்து வரும் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்ப்பது புருஷன் பழக்கிவிட்ட வழக்கம். இத்தனை நாளும் அதில் சீம்பால் போல மஞ்சளாய், திப்பி திப்பியாய் விழுந்தது. இன்று வெள்ளையாய் ஒரு கோடு. இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறார்கள். “உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி மடிக்கு அனுப்பியிருக்கும்மா. நேத்து சோதனைக்கு எடுத்த பால்லயே அது தெரிஞ்சுது. பொழச்சுக்கிட்டா. ஆனா பழைய அளவு கறப்பாளான்னு சொல்ல முடியாது.” “கறக்காட்டிப் போகுது டாக்டர். நின்னா போதும்.” பால் இன்னும் கிருமி கொல்லும் மருந்து வாளிக்குத்தான் போகிறது; வெள்ளை அதில் மெல்லக் கலங்கிப் பரவுகிறது. பால்காரம்மாவின் கண்ணாடிக்குள் ஈரம் படிகிறது. கையுறைக் கையால் முகத்தைத் தொடக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. துடைக்காமலே அடுத்த காம்பைத் தடவித் தேடுகிறார். செவலை அசையாமல் நின்று கொடுக்கிறது.