சிலாஸ் மாமாவின் சாக்கு

"சிலாஸ் மாமா படகு மட்டும் வேண்டவே வேண்டாம்."

யோசினா பட்டென்று சொல்லிவிட்டாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை கேரின், கையில் நோட்டு, காதில் பென்சில். தேவாலய முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பாக்கு மெல்லுவதை நிறுத்தினார்கள்.

ராஜா அம்பாட் தீவுகளைப் பார்க்கவென்று திங்கட்கிழமை ஜகார்த்தாவிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். யோசினாவும் புருஷன் ஓபெட்டும் கடலோரம் கட்டிய ஓலைக்குடில்களுக்கு அவர்கள்தான் முதல் விருந்தாளிகள். முதல் நாள் ஆமை, மறுநாள் சுறாக்குட்டி, மூன்றாம் நாள் கொம்புத் திருக்கை. எல்லாம் நோட்டில் எழுதியாகிவிட்டது. யார் படகு என்பதுதான் பாக்கி.

"கொம்புத் திருக்கை எங்க வரும்னு அவருக்குத்தானே தெரியும்?" என்றான் ஓபெட். "மெலக்கி கூட்டிட்டுப் போனா வெறும் தண்ணியத்தான் காட்டுவான்."

"பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்டா!" என்றான் மெலக்கி. எல்லாரும் சிரித்தார்கள்.

யோசினா சிரிக்கவில்லை. "போதகரே, கேளுங்க. மூணு நாளா பார்க்கிறேன். விடிஞ்சதும் சாசி போட்ட இடத்துக்குப் போறார். முங்கி முங்கி எதையோ எடுத்துச் சாக்குல போடுறார்."

சாசி என்றால் விளையாட்டில்லை. தீவுக்குப் பின்னால் இருக்கும் பவளத்திட்டை ஊரே கூடி ஜெபம் பண்ணி மூடியிருக்கிறது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கே ஒரு கடல் அட்டையைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தவன் பெயரை ஞாயிறு ஆராதனையில் சத்தமாக வாசிப்பார்கள். அப்புறம் அவன் படகில் சொந்தத் தம்பிகூட ஏற மாட்டான்.

"கண்ணால பார்த்தியா பிள்ளை?" என்றார் போதகர்.

"தண்ணி எடுக்க மேட்டுக்கு ஏறினப்ப பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தெரியுது."

"காலையில குப்பை எரிக்கிறப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" ஓபெட் முணுமுணுத்தான்.

"நீ மூலையில இருந்த பையையும் நெருப்புல தள்ளிடாம பார்த்துக்கவே எனக்குச் சரியா இருந்துச்சு!" என்று அவனை அடக்கிவிட்டு மறுபடி போதகரிடம் திரும்பினாள். "கடல்ல ஒரு மிட்டாய்த் தாளும் போடாதீங்கன்னு வாசல்ல போர்டே எழுதி மாட்டியிருக்கேன். நாமளே திருடினா, வர்றவங்களை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கூட்டிட்டுப் போறது?"

அந்த நேரம் பார்த்துத்தானா சிலாஸ் வரவேண்டும்? தலை ஈரம். தோளில் தண்ணீர் சொட்டும் சாக்கு. கரையிலிருந்து மேட்டுக்குப் போகிற வழி முற்றத்தைத் தாண்டித்தான்.

"என்ன, எல்லாரும் திருக்கை மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

"சாக்குல என்ன மாமா?" என்றாள் யோசினா.

சிலாஸின் சிரிப்பு நின்றது. "ஒண்ணுமில்ல தாயி. குப்பை."

"கடல் அட்டை எப்போ மாமா குப்பையாச்சு? அவிழ்த்துக் காட்டுங்க."

"வேண்டாம், விடு."

"அதானே, காட்டிட்டுப் போங்களேன்," என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

சிலாஸ் யாரையும் பார்க்கவில்லை. "போதகரே, என் பேரை வாசிக்கணும்னா வாசிச்சுக்குங்க. விருந்தாளிகளை மெலக்கியே கூட்டிட்டுப் போகட்டும். சாக்கை மட்டும் விட்டுடுங்க."

"பார்த்தீங்களா! அவரே ஒத்துக்கிட்டார்!"

யோசினா எட்டிச் சாக்கை இழுத்தாள். கட்டு அவிழ்ந்து எல்லாம் அவள் காலடியிலேயே கொட்டியது.

கடல் அட்டை இல்லை. உப்புத்தண்ணீர் குடித்து ஊதிப்போன டயப்பர்கள். இருபதாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் வாத்து சிரித்தது.

அந்த மூலைப் பை! அதில் இருந்தவை கேரினின் டயப்பர்கள்தான். டயப்பரை எரித்தால் குழந்தைக்கு அடிப்பக்கமெல்லாம் கொப்புளம் பொரியும் என்று ஜாவாவிலிருந்து வந்த கடைக்கார அக்கா சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து, தண்ணீர் இறங்கும் நேரமாகப் பார்த்து யோசினா படகுத்துறை நுனியில் போய் நின்று எல்லாவற்றையும் கடலில் கொட்டி வந்தாள். கடல் கொண்டுபோய்விடும் என்றுதான் நினைத்தாள். எங்கே கொண்டுபோகும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"யாருது இதெல்லாம்?" போதகர் கேட்டார்.

சிலாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "யார் கண்டா? எவனாவது பெரிய கப்பல்காரன் போட்டிருப்பான். திருக்கைங்க அங்கதான் இரை தேடி வாயைத் திறந்துக்கிட்டு வரும். திங்கட்கிழமை ஆளுங்க வேற வர்றாங்களே, அதான் எடுத்துட்டு வந்தேன்."

யோசினாவின் கை தன்னால் கேரினின் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டது. இடுப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள் வாத்து உள்ளே மறைந்தது.

இழுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. அவரெதிரே உட்கார்ந்தாள். "மாமா..." என்றாள். கீழே கிடந்த ஒன்றை எடுத்துச் சாக்கில் போட்டாள்.

சிலாஸ் சாக்கைக் கட்டிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பயப்படாதே தாயி. இதுவரைக்கும் ஒண்ணைக்கூட நான் எரிக்கல. எல்லாத்தையும் மேட்டுல குழி வெட்டிப் புதைச்சிருக்கேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."